அப்பப்பாவின் பொக்கற் மணிக்கூட்டை யாரிடம் கொடுப்பது?

மருதனார்மடச் சந்தியைச் சுற்றியுள்ள இணுவில், உடுவில், சுன்னாகம் பக்கத்துப் பழைய வீடுகளில் ஒரு பொக்கற் மணிக்கூடு கிடந்தால், அநேகமாக அது ரயில்வேயால் வந்திருக்கும், இல்லாவிட்டால் மலாயாவால் வந்திருக்கும். காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையே 1902இல் ரயில் ஓடத் தொடங்கியது. 1905இல் பாதை தெற்கோடு இணைந்தது. ஸ்ரேசன் மாஸ்டருக்கும் கார்டுக்கும் நிமிடம் பிசகாத மணிக்கூடு உத்தியோகத்தின் ஒரு பகுதி. அதே காலத்தில், அமெரிக்க மிசன் பள்ளிக்கூடங்களில் ஆங்கிலம் படித்த நம்மவர்கள் மலாயாவின் ரயில்வேக்கும் கந்தோர்களுக்கும் கப்பலேறினார்கள். பென்சனோடு ஊர் திரும்பியவர்களின் கோட்டுப் பையில், சங்கிலியின் நுனியில், வால்தம், எல்ஜின், ஒமேகா, லொஞ்ஜின் என்று ஏதோ ஒரு பெயர் தொங்கியது.

இன்றைக்கு அந்த மணிக்கூடுகள் அலுமாரிக்குள் நின்றுபோய்க் கிடக்கின்றன. ரொறன்ரோவிலிருந்தோ லண்டனிலிருந்தோ விடுமுறைக்கு வரும் பேரப்பிள்ளை அதைக் கையிலெடுத்துப் பார்த்து, ஓட வைக்க முடியுமா என்று கேட்கிறது. முன்பென்றால் யாழ்ப்பாணப் பட்டினத்தில் ஒருவரிடம் கொடுப்போம். அவர் கைவிட்டால் கொழும்பு. பலாலியிலிருந்து சென்னைக்கு 2019இல் விமானம் தொடங்கியது; இடையில் நின்று மறுபடியும் பறக்கிறது. 2023 ஒக்ரோபரில் காங்கேசன்துறை – நாகபட்டினம் கப்பலும் வந்தது. மருதனார்மடத்தில் நின்று கணக்குப் பார்த்தால் பயண நேரத்தில் கொழும்பைவிடச் சென்னை கிட்ட. ஆகவே இங்கே திருத்துவதா, அங்கே கொண்டுபோவதா என்று பல வீடுகளில் யோசிக்கிறார்கள்.

இரண்டு இடத்து மேசைகளிலும் இருப்பவை ஒன்றேதான்: கண்ணில் இடுக்கும் ஐகிளாஸ், சாவணம், சின்னச் சின்ன ஸ்குறூ ட்றைவர்கள், தூசி விழாமல் கவிழ்க்கும் கண்ணாடி மூடி. பழுதைக் கண்டதும் கை எங்கே போகிறது என்பதில்தான் வேறுபாடு. இந்தியத் திருத்துநரின் கை மாற்றுச் சாமான் இருக்கும் லாச்சியைத் தேடிப் போகும். யாழ்ப்பாணத்தவரின் கை பழுதான அந்தச் சாமானிலேயே நிற்கும். அங்கே, அசையும் சக்கரத்தின் அச்சு முறிந்திருந்தால், "சார், ஸ்டாஃப் போயிடுச்சு, வேற மெஷின் போட்டுத் தந்துடறேன்" என்பார்கள். இங்கே, "சாமான் இல்லைத் தம்பி, வைச்சிட்டுப் போங்கோ, பாப்பம்" என்பார்கள். இந்த இரண்டு பதில்களுக்கும் பின்னால் இரண்டு நாடுகளின் வரலாறு இருக்கிறது.

இந்தியாவுக்கு மணிக்கூடு கப்பல் கப்பலாக வந்து இறங்கியது. ஃபாவ்ர்-லூபா என்ற சுவிஸ் கம்பனி 1865 முதலே அங்கே வியாபாரம் செய்தது. வெஸ்ட் எண்ட் வாட்ச் கம்பனி 1886இல் பம்பாயில் தொடங்கியது. அதன் 'குயின் ஆன்' பொக்கற் மணிக்கூடுகள் ரயில்வேக்காரரிடையே பெயர்பெற்றவை. மதராசின் மவுண்ட் ரோட்டில் பி.ஓர் அண்ட் சன்ஸ் இருந்தது. அந்தக் கம்பனியின் பெயர் எழுதிய டயல்கள் பாக்கு நீரிணையைத் தாண்டி நம்மூருக்கும் வந்தன. டயலில் இருக்கும் பெயரை வைத்து, உள்ளே இருப்பதும் அவர்கள் செய்ததுதான் என்று நினைத்துவிடக் கூடாது. மெசின் பெரும்பாலும் சுவிஸில் வேறொருவர் செய்ததாக இருக்கும். பிறகு 1961இல் பெங்களூரில் ஜப்பானின் சிட்டிசன் கம்பனியோடு சேர்ந்து எச்.எம்.டி. தொழிற்சாலை தொடங்கியது. கைமணிக்கூட்டோடு பொக்கற் மணிக்கூடும் அவர்கள் செய்தார்கள். தமிழ்நாட்டு அரசின் டிட்கோவோடு சேர்ந்து டைட்டன் வந்து ஒசூரில் தொழிற்சாலை போட்டது. எச்.எம்.டி.யின் மணிக்கூட்டுப் பிரிவு மூடப்பட்டாலும் அது விட்டுச்சென்ற உதிரிகளும், அதில் கைபழகிய ஆட்களும் இன்னும் இருக்கிறார்கள். கொல்கத்தாவின் ராதாபஜார், மும்பையின் சோர் பஜார் போன்ற இடங்களில் நூறு வருடத்துப் பழைய மெசின்கள் நிறுத்தும் குவித்தும் விற்கப்படுகின்றன. சாமான் இப்படி மலையாகக் கிடக்கும் இடத்தில் ஒருவர் முறிந்த ஊசிமுனையைத் தேய்த்துக்கொண்டிருக்க மாட்டார்.

நம் பக்கத்தில் எச்.எம்.டி.யைப் போல ஒன்று எழவில்லை. 1970களின் இறக்குமதிக் கட்டுப்பாட்டில் புதுச்சாமானுக்குக் கொழும்பே தவித்தது. யாழ்ப்பாணத்துக்கு அதைவிடப் பெரிய சோதனை பின்னால் வந்தது. 1990இல் யுத்தம் மீண்டும் மூண்டதும் வடக்கின் மீது பொருளாதாரத் தடை விழுந்தது. தடைப் பட்டியலில் பெற்றோலும் இருந்தது, பற்றரியும் இருந்தது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுற்றி வானொலிச் செய்தி கேட்ட தலைமுறைக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கையில் கட்டியிருந்த குவாட்ஸ் மணிக்கூடுகள் ஒவ்வொன்றாக நின்றன. பெட்டிக்குள் கிடந்த முறுக்கு மணிக்கூடுகள் வெளியே வந்தன. அவற்றுக்கு மனிதக் கை போதும். அந்தத் தடைக்காலம் முழுவதும் நம்மூர்த் திருத்துநர்களுக்கு வேலைக்குக் குறைவில்லை, சாமானுக்குத்தான் பஞ்சம். சுத்தமான பெற்றோலில் கழுவ வேண்டிய மெசினை மண்ணெண்ணெயில் கழுவ வேண்டியிருந்தது. மண்ணெண்ணெயும் போத்தல் கணக்கில்தான் கிடைத்தது.

அந்தப் பஞ்சத்தில் வளர்ந்த கைவேலையைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். மெயின் ஸ்பிறிங் என்பது ஏறத்தாழ அரை மீற்றர் நீளமான உருக்கு நாடா, தடிப்பு 0.2 மில்லிமீற்றர் வரும். பழைய நீலநிற உருக்கு ஸ்பிறிங்குகள் களைத்துப்போகும், இல்லாவிட்டால் ஒருநாள் படீரென்று அறுந்துபோகும். இந்தியாவிலென்றால் அகலத்தையும் நீளத்தையும் அளந்து இன்னொன்றைப் போட்டுவிடுவார்கள். இங்கே என்ன செய்தார்கள்? வெளி நுனிப் பக்கம் அறுந்திருந்தால், அந்த நுனியை மட்டும் ஸ்பிரிட் விளக்கில் காட்டி, உருக்கின் விறைப்பைத் தணித்து, சாவணத்தால் மெல்ல மடக்கிப் புதிய கொழுவி ஒன்றை உண்டாக்கினார்கள். சூடு அரை அங்குலம் உள்ளே ஏறிவிட்டால் ஸ்பிறிங் முழுதும் வீண். அதனால் பிடிக்கும் சாவணத்தின் அலகே சூட்டை உறிஞ்சும்படி இறுக்கிப் பிடிப்பார்கள். நீளம் குறைந்துவிட்டதால், ஒரு முறுக்குக்கு 30 மணித்தியாலத்துக்கு மேல் ஓட வேண்டியது அதைவிடக் குறைவாகத்தான் ஓடும். ஆனாலும் ஓடும். உள்ளே இருப்பது அப்பப்பா முறுக்கிய அதே ஸ்பிறிங்.

இதில் எல்லாமே நல்லது என்று சொல்ல எனக்கு மனமில்லை. தேய்ந்து அகன்ற துளையைச் சரிசெய்யப் புதிய புஷ் அடிக்க வேண்டும். அதற்குப் பதிலாக, துளையைச் சுற்றிப் பஞ்ச் கருவியால் குத்தி உலோகத்தை நெருக்கிவிடும் வழக்கம் இங்கே நிறைய. அந்தக் குத்துகள் பிளேற்றில் நிரந்தர வடு. தையல் மெசின் எண்ணெய் விடுவதும் அப்படித்தான்; சில மாதத்தில் அது பரவி, தூசியோடு சேர்ந்து பிசினாகிவிடும். மணிக்கூட்டுக்கென்றே செய்த மோபியஸ் போன்ற எண்ணெய் ஊசிமுனை அளவு போதும். தடை நீங்கி இத்தனை வருடங்களுக்குப் பிறகும் தையல் மெசின் எண்ணெயை விடுவதற்கு நியாயம் கிடையாது.

இந்தியப் பக்கத்தின் பெருங்கேடு வேறு. அங்கே வாடிக்கையாளர் மணிக்கூடு புதிதுபோல மின்ன வேண்டும் என்று கேட்கிறார். கடைக்காரரும் மின்ன வைத்துக் கொடுக்கிறார். கூட்டை பஃபிங் சக்கரத்தில் பிடித்தால் பளபளப்பு வரும். அதோடு பின்மூடியில் பொறித்த பெயர் மங்கும், வெள்ளி முத்திரைகள் தேயும். டயலை அழித்துப் புது வண்ணம் பூசி எழுத்து அச்சடிப்பது அங்கே ஒரு தனித் தொழில். பழைய பொக்கற் மணிக்கூடுகளின் டயல் பெரும்பாலும் செம்புத் தகட்டில் சுட்டெடுத்த எனாமல். மயிர்க்கோடாக வெடிப்பு இருந்தாலும் அதன் வெண்மை நூறு வருடம் மாறாது. அதை எடுத்துப் போட்டுவிட்டு அச்சடித்த தகட்டைப் பூட்டினால், இருந்ததில் சிறந்ததை இழந்தவர்களாகிறோம். நாலு மணிக்கூட்டின் உறுப்புகளைச் சேர்த்து ஒன்றாக்கி விற்பதற்குச் சேகரிப்பாளரிடையே 'மும்பை ஸ்பெஷல்' என்றே பெயர் விழுந்துவிட்டது. விற்பனைக்கு அப்படிச் செய்வது ஒரு விடயம். பரம்பரைச் சொத்தைத் திருத்தக் கொடுத்த இடத்தில் மெசினையே மாற்றிவிட்டால், திரும்பி வருவது அப்பப்பாவின் கூட்டுக்குள் வேறு யாரோ ஒருவரின் மணிக்கூடு.

மெசின் மாறினால் சரித்திரமும் போகும். வால்தம், எல்ஜின் போன்ற அமெரிக்க மணிக்கூடுகளில் மெசினின் மேல் பொறித்த இலக்கத்தை வைத்து எந்த வருடத்தில் செய்தது என்று அறியலாம். கூட்டின் இலக்கம் அதற்கு உதவாது. கூட்டில் '20 வருட உத்தரவாதம்' என்று ஆங்கிலத்தில் இருந்தால் அது பவுண் தகடு போர்த்தியது, முழுப் பவுண் இல்லை என்பதற்கு அடையாளம். இது தெரியாமல் நகைக்கடைக்குக் கொண்டுபோய் ஏமாந்தவர்கள் உண்டு. முழுப் பவுண் கூடுகள் பல, கஷ்டகாலத்தில் உருக்கப்பட்டே போய்விட்டன. எஞ்சிய மணிக்கூடுகளில் சில, 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் தென்மராட்சிக்கு நடந்தபோது இடுப்புச் சீலையில் முடிந்து கொண்டுபோகப்பட்டவை. சில வளவுக்குள் புதைக்கப்பட்டவை. மறுவருடம் திரும்பி வந்து தோண்டியபோது துருவேறி வந்தவை. இப்படியான மணிக்கூட்டில் இருக்கும் கீறலைத் தேய்த்து எடுப்பதற்கு யாருக்கும் உரிமையில்லை என்று நான் நினைக்கிறேன்.

     

மணிக்கூட்டில் மிகக் கடினமான பழுது பலன்ஸ் ஸ்டாஃப். மணித்தியாலத்துக்கு 18,000 தடவை, ஒரு நாளைக்கு 4,32,000 தடவை அசையும் சக்கரத்தின் அச்சு அது. அதன் முனையின் தடிப்பு ஏறத்தாழ 0.1 மில்லிமீற்றர், தலைமயிரை விடச் சற்றுத்தான் தடிப்பு. அதிர்ச்சி தாங்கும் இன்காப்ளொக் அமைப்பு 1930களில்தான் வந்தது. அதற்கு முந்திய மணிக்கூடு ஒருமுறை சீமெந்து நிலத்தில் விழுந்தால் முனை முறிந்துபோகும். வளைந்த முனையை நிமிர்த்தும் துணிவு இங்கே சிலருக்கு உண்டு. முறிந்ததற்குப் புது அச்சே கடைய வேண்டும், அல்லது அதே ரக அச்சு வேண்டும். கடைசல் மெசினும், ஓட்டத்தை அளக்கும் கருவியும், காந்தம் நீக்கும் கருவியும், அந்தச் சாமானும் ஒருசேரக் கிடைக்கக்கூடிய இடம் இந்தியா. இதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆகவே என் தீர்ப்பு இது. மணிக்கூடு இங்கேயே இருக்கட்டும். சாமான் அங்கேயிருந்து வரட்டும். நம்மூர்த் திருத்துநர் திறந்து, கழட்டிக் கழுவி, பழுது எது என்று கண்டுபிடித்துத் தரட்டும். மெசினின் பெயர், இலக்கம், அளவு, தெளிவான படம் ஆகியவற்றோடு சென்னைக்குப் போகிறவரிடம் அந்த ஒரு சாமானை மட்டும் எடுப்பியுங்கள். லண்டனில் உறவினர் இருந்தால் அங்கேயும் பழைய உதிரிகள் கிடைக்கும். பலன்ஸ் ஸ்டாஃப் கடைவது போன்ற வேலைக்கு மணிக்கூட்டையே கொண்டுபோகத்தான் வேண்டுமென்றால், உள்ளும் புறமும் படமெடுத்து, கூட்டையும் டயலையும் தொடக் கூடாது, கழட்டிய பழைய உறுப்பு ஒவ்வொன்றும் திரும்பி வர வேண்டும் என்று துண்டில் எழுதிக் கொடுங்கள். இதைக் கேட்டு முகம் சுளிக்கும் கடையில் கொடுக்க வேண்டாம்.

அதற்கு முன் வீட்டில் செய்யக் கூடாதவை சில. வருடக்கணக்காக நின்றதை ஓடுகிறதா என்று பார்க்க முறுக்காதீர்கள். காய்ந்த எண்ணெயில் ஓடும் மெசின் தன்னைத் தானே தின்னும். முள்ளைத் திருப்பத் தலையை இழுத்து வரவில்லையென்றால் விட்டுவிடுங்கள். அமெரிக்க ரயில்வே மணிக்கூடுகள் பலவற்றில் முன்கண்ணாடி வளையத்தைக் கழட்டி, டயலின் ஓரத்திலுள்ள சிறு நெம்பை வெளியே இழுத்தால்தான் முள் திரும்பும். பலர் தலையை இழுத்தே முறித்திருக்கிறார்கள். முன்மூடி உள்ளதென்றால், தலையை அழுத்திப் பிடித்துக்கொண்டு மூடியைச் சாத்துங்கள். படாரென்று அடித்துச் சாத்தினால் கொழுவி தேய்ந்துவிடும். இருட்டில் ஒளிரும்படி இலக்கங்களில் பச்சையோ மண்ணிறமோ பூசியிருந்தால் அது ரேடியமாக இருக்கக்கூடும். ஒளி மங்கினாலும் அதன் கதிர்வீச்சு போகாது. சுரண்டவோ ஊதவோ கூடாது. திருத்துநரிடமும் சொல்லிக் கொடுங்கள்.

தடைக்காலத்தில் ஸ்பிறிங் நுனியை விளக்கில் காட்டி மடக்கியவர்கள் இன்று எழுபது வயதைத் தாண்டிக்கொண்டிருக்கிறார்கள். ஐகிளாஸ் போட்டாலும் கை நடுங்கத் தொடங்கிவிட்டது. பக்கத்தில் இருந்து பழகப் பிள்ளைகள் இல்லை. பற்றரி மாற்றும் கூலியையே மணிக்கூடு திருத்துவதற்கும் கொடுக்க நினைப்பவர்களை நம்பி எந்தப் பிள்ளை வரும்? உங்கள் வீட்டு அலுமாரியில் நின்றுபோன பொக்கற் மணிக்கூடு இருந்தால், இந்த வருடமே எடுத்துக் கொடுங்கள். ஒரு மாதம் வைத்திருந்தாலும் அவசரப்படுத்தாதீர்கள், கேட்ட கூலியைக் குறைக்காமல் கொடுங்கள், முடிந்தால் உங்கள் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போய் அவருடைய மேசைக்குப் பக்கத்தில் இருத்துங்கள்.