கண்காணிப்பும் அதிகாரமும்: ரேகைச் சட்டத்தை முன்வைத்து

கண்காணிப்பு என்பது நடப்பதைப் பார்ப்பது மட்டும் அன்று. பார்க்கப்படுபவரின் நடத்தையை மாற்றும் அதிகார முறையும் ஆகும். ஜெரமி பெந்தாம் 1791இல் வெளியிட்ட 'பனாப்டிகான்' சிறைத் திட்டத்தில், நடுக் கோபுரத்திலிருந்து எல்லா அறைகளையும் பார்க்கலாம். கோபுரத்தில் காவலர் இருக்கிறாரா என்பது கைதிக்குத் தெரியாது. எப்போதும் பார்க்கப்படுவதாக எண்ணி அவர் தம்மைத் தாமே அடக்கிக்கொள்வார். மிஷேல் ஃபூக்கோ 1975இல் இதைப் பள்ளி, ஆலை, மருத்துவமனை ஆகியவற்றிலும் செயல்படும் நவீன அதிகாரத்தின் மாதிரியாக விளக்கினார்.

காலனிய இந்தியாவுக்கு இவ்விளக்கம் ஓரளவே பொருந்துகிறது. 1871இல் இயற்றப்பட்ட குற்றப் பரம்பரையினர் சட்டம், 1911இல் சென்னை மாகாணத்துக்கும் விரிவுபடுத்தப்பட்டது. மதுரைப் பகுதியின் பிரமலைக் கள்ளர் உள்ளிட்ட பல சமூகங்கள் அதன்கீழ் அறிவிக்கப்பட்டன. கைரேகை பதிவு செய்யப்பட்டதால் மக்கள் இதை 'ரேகைச் சட்டம்' என்றனர். பதிவானவர்கள் குறித்த நேரத்தில் ஆஜராக வேண்டும். இரவில் காவல் நிலையத்திலோ சாவடியிலோ தங்க வேண்டும். வெளியூர் செல்ல 'ராதாரிச் சீட்டு' பெற வேண்டும்.

பெந்தாமின் சிறையிலிருந்து இது இரண்டு வகைகளில் வேறுபடுகிறது. முதலாவது, அங்கே அடைக்கப்படுபவர் தண்டனை பெற்ற தனிமனிதர். இங்கே பிறப்பே பதிவுக்குக் காரணம். இரண்டாவது, இங்கே கண்காணிப்பவர் மறைந்திருக்கவில்லை. ஆஜர் எடுத்தவர்களுள் ஊரறிந்த கிராம அதிகாரியும் ஒருவர். ஆகவே இச்சட்டம் அரசின் அதிகாரத்தோடு ஊருக்குள் இருந்த ஏற்றத்தாழ்வையும் வலுப்படுத்தியது.

குற்றத்தைத் தடுப்பதே சட்டத்தின் நோக்கம் எனப்பட்டது. ஆனால் ஆஜராகத் தவறுவதும் சீட்டின்றி வெளியூர் செல்வதும் தண்டனைக்குரியவை ஆயின. திருடாதவரும் சந்தைக்கோ உறவினர் வீட்டுக்கோ போனதற்காகக் குற்றவாளி ஆனார். அத்தகைய தண்டனைகள், அச்சமூகம் குற்றம் புரிவது என்ற முன்முடிவுக்கே சான்றுகளாகச் சேர்ந்தன.

கண்காணிக்கப்படுபவர் தாமே அடங்கிவிடுவார் என்ற கருத்துக்கும் இங்கே எல்லை உண்டு. 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூர் மக்கள் ரேகைப் பதிவை எதிர்த்தனர். காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் மாயக்காள் என்ற பெண் உட்படப் பலர் உயிரிழந்தனர். பதிவேட்டுக்குப் பணிய மறுத்த இடத்தில் அதிகாரம் ஆயுதத்தை நாடியது.

சென்னை மாகாணத்தில் 1947இல் இச்சட்டம் நீக்கப்பட்டது. மறு ஆண்டே வழக்கமான குற்றவாளிகளுக்கான கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. பிறப்பின் அடிப்படை நீங்கினாலும், குறிப்பிட்டவர்களைப் பதிவேட்டில் வைத்துக் கண்காணிக்கும் முறை தொடர்ந்தது.