காசியைப் படகிலிருந்து பார்ப்பது எப்படி?

காசிக்குப் போகும் பலர் விசுவநாதரைத் தரிசித்து, கங்கையில் ஒரு முழுக்குப் போட்டுவிட்டு ரயில் ஏறிவிடுகிறார்கள். ஊரின் முகம் தெரிய வேண்டுமானால், இருட்டு பிரியும்முன் அசி படித்துறைக்குப் போய்ப் படகு பிடிக்க வேண்டும்.

முதலில் இரண்டு கரைகளையும் மாறி மாறிப் பார்க்கலாம். மேற்கே மேட்டின்மேல் நெருக்கியடித்து நிற்கும் ஊர். கிழக்கே வெறும் மணல். கிழக்குத் திசைக் கடலை நோக்கிப் போகும் கங்கை, இங்கே தான் பிறந்த இமயத்தின் பக்கம் வடக்கே திரும்புகிறது. ‘உத்தரவாகினி’ என்று இந்த ஓட்டத்தைப் போற்றுகிறார்கள். படித்துறைகள் 84. அத்தனையும் உதயசூரியனுக்கு எதிரே இருப்பதால், விடியும்போது படிகள் ஒவ்வொன்றாக நிறம் மாறும்.

படகு வடக்கே நகர நகர, இடப்பக்கம் துளசிதாசரின் பெயரில் ஒரு துறை. அடுத்து அனுமன் துறை. தந்தையை இழந்த பாரதி 1898இல் அத்தை வீட்டுக்கு வந்து சேர்ந்த பகுதி அது. சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை அடித்த படிகள் தெரிந்தால் கேதார் துறை. பதினேழாம் நூற்றாண்டில் குமரகுருபரர் நிறுவிய மடம் இங்கேதான் இருக்கிறது.

தஞ்சைப் பெரிய கோயிலைப் பார்த்துப் பழகிய கண், காசியிலும் கல்லில் வயதைத் தேடும். கிடைக்காது. 1669இல் ஔரங்கசீப் ஆணையால் இடிக்கப்பட்ட விசுவநாதர் கோயிலை, 1780இல் அகல்யாபாய் ஹோல்கர் மீண்டும் கட்டினார். கரையில் தெரியும் மாளிகைகளில் பலவும் பதினெட்டாம் நூற்றாண்டை ஒட்டியவையே. தர்ப்பணம், முழுக்கு, மந்திரம், சிதை என்று படிகளில் தினமும் நடப்பவற்றில்தான் ஊரின் பழமை இருக்கிறது.

சிதைகள் எரியும் மணிகர்ணிகைத் துறை வந்ததும் கேமராவை உள்ளே வைத்துவிட வேண்டும். மற்ற ஊர்களில் சுடுகாடு எல்லைக்கு வெளியே. இங்கே அது ஊரின் நடுவில், இரவும் பகலும் எரிகிறது. காசியில் இறப்பவரின் காதில் சிவனே தாரக மந்திரம் ஓதுகிறார் என்பது நம்பிக்கை. அதனாலேயே கடைசி நாட்களைக் கழிக்க இங்கே வருகிறவர்கள் உண்டு.

பஞ்சகங்கைத் துறையில் இறங்கிவிடலாம். விடியாத இருட்டில் குளிக்க வந்த இராமானந்தரின் கால், படியில் படுத்திருந்த கபீர்மேல் பட்டதாம். திடுக்கிட்டு அவர் சொன்ன ‘ராம்’ என்ற சொல்லையே கபீர் உபதேசமாக ஏற்றார் என்பது இந்தப் படிகளின் கதை. செங்குத்தான படிகள் அவை, ஈரமாகவும் இருக்கும். பார்த்துத்தான் ஏற வேண்டும்.