பொருளிலா, பார்வையிலா, உறவிலா? மனிதர் – கணினி ஊடாட்டக் கோட்பாட்டுக் கல்வியில் ‘அஃபோர்டன்ஸ்’ கருத்தாக்கம்

ஆய்வுச் சுருக்கம்

மனிதர் – கணினி ஊடாட்டத் துறையில் பரவலாக எடுத்தாளப்படும் கருத்தாக்கங்களுள் ஒன்று ‘அஃபோர்டன்ஸ்’. இது 1977 முதல் 2013 வரை பொருள் மாறி வந்த வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. அவ்வரலாற்றை விடுத்து ஒற்றை வரையறையாக இதனைக் கற்பிக்கும்போது ஆய்வு முடிவே வேறுபட்டுவிடும் என்பதைத் தமிழ்99 விசைப்பலகையைச் சான்றாகக் கொண்டு விளக்குகிறது. இதற்குத் தமிழில் கலைச்சொல் ஆக்கும் முயற்சியையே கோட்பாட்டுப் பயிற்சியாகக் கொள்ளலாம் என முன்மொழிகிறது.

திறவுச்சொற்கள்: மனிதர் – கணினி ஊடாட்டம், அஃபோர்டன்ஸ், செயல்வாய்ப்பு, கலைச்சொல்லாக்கம், தமிழ்99.

முன்னுரை

மனிதர் – கணினி ஊடாட்டம் கடன்பெற்று வளர்ந்த துறையாகும். கைகளின் இயக்கத்தை அளந்த பால் ஃபிட்ஸின் 1954ஆம் ஆண்டு ஆய்வு சோதனை உளவியலிலிருந்து வந்தது. திட்டமிடுதல் பற்றிய கருத்தை 1987இல் மறுஆய்வு செய்த லூசி சுச்மனின் நூல் மானிடவியலிலிருந்து வந்தது. செயற்பாட்டுக் கோட்பாடோ சோவியத் உளவியலில் வேர்கொண்டது. இவை வகுப்பறையை அடையும்போது பெரும்பாலும் பெயரும் வரையறையுமாகச் சுருங்கிவிடுகின்றன. தேர்வுக்கு அது போதுமானதாக இருக்கலாம். ஆனால் அவ்வரையறையைக் கருவியாகக் கொண்டு ஆய்வு செய்யப் புகும் மாணவர், அதனுள் உறைந்திருக்கும் கருத்து மோதலை அறியாமலேயே ஒரு பக்கம் சாய்ந்துவிடுகிறார். இச்சிக்கலை ‘அஃபோர்டன்ஸ்’ என்னும் ஒரு சொல்லைக் கொண்டு இங்குக் காண்போம்.

கிப்சனின் கருத்து

இச்சொல்லை உருவாக்கியவர் அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் ஜே. கிப்சன். 1977இல் வெளியான ஒரு கட்டுரையிலும் 1979இல் வெளியான காட்சிப் புலனுணர்வு பற்றிய தம் நூலிலும் இதனை விரித்துரைத்தார். ஆங்கிலத்தில் முன்பே வழங்கிய ஒரு வினைச்சொல்லிலிருந்து இப்பெயர்ச்சொல்லை அவர் ஆக்கிக்கொண்டார். சூழல் ஓர் உயிருக்கு நன்மையாகவோ தீமையாகவோ அளிப்பது எதுவோ அதுவே அஃபோர்டன்ஸ் என்பது அவர் கருத்து. நீரின் மேற்பரப்பு நீர்ப்பூச்சியைத் தாங்கும். எடை மிகுந்த விலங்கைத் தாங்காது. முழங்கால் உயரமுள்ள சமதளம் அமர்வதற்கு இடமளிக்கும்; ஆனால் குழந்தையின் முழங்கால் உயரமும் பெரியவரின் முழங்கால் உயரமும் ஒன்றல்ல. ஆகவே அஃபோர்டன்ஸ் பொருளில் மட்டும் இல்லை, காண்பவர் மனத்திலும் இல்லை. இரண்டற்கும் இடையிலான உறவில் உள்ளது.

இவ்வுறவை அளந்து காட்டியது வில்லியம் வாரன் 1984இல் வெளியிட்ட ஆய்வு. கைகளின் துணையின்றிக் காலால் மட்டும் ஏறத்தக்க படியின் உயர எல்லை, நெட்டையர்க்கும் குட்டையர்க்கும் சென்டிமீட்டரில் வேறுபடுகிறது. ஆனால் கால்நீளத்தோடு ஒப்பிட்டால் இருவர்க்கும் ஏறத்தாழ 0.88 என்னும் ஒரே விகிதம் கிடைக்கிறது.

கிப்சனிடத்தில் மற்றொரு கருத்தும் கவனிக்கத்தக்கது. அஃபோர்டன்ஸ் காண்பவரின் தேவைக்கேற்பத் தோன்றி மறைவதன்று. அஞ்சல் முறை நிலவும் சமூகத்தில், எழுத அறிந்த மனிதர்க்கு அஞ்சல் பெட்டி கடிதம் இட இடமளிக்கிறது. அன்று அவரிடம் கடிதம் இல்லாவிடினும் அவ்வாய்ப்பு அங்கே உள்ளது. சமூக வழக்கத்தால் அமையும் வாய்ப்பையும் கிப்சன் விலக்கவில்லை என்பதற்கு இது சான்றாகும்.

நார்மனிடம் நிகழ்ந்த மாற்றம்

டொனால்டு நார்மன் தம் 1988ஆம் ஆண்டு நூலில் இச்சொல்லை வடிவமைப்புத் துறைக்குக் கொண்டுவந்தார். ஒரு பொருளை எவ்வாறு பயன்படுத்தலாம் என்பதைத் தீர்மானிக்கும், உணரப்பட்டனவும் உண்மையானவுமான பண்புகள் என்று அதனை வரையறுத்தார். தள்ளுவதற்கான தட்டு, இழுப்பதற்கான பிடி எனக் கதவுகளைக் கொண்டு அவர் தந்த விளக்கம் விரைந்து பரவியது. இங்கே இரு மாற்றங்கள் நிகழ்கின்றன. ஒன்று, உறவு பண்பாகிறது. மற்றொன்று, ‘உணரப்பட்ட’ என்னும் அடைமொழியால் காண்பவரின் அறிதல் வரையறைக்குள் நுழைகிறது. நார்மன் அறிதலைத் தகவல் செயலாக்கமாகக் காணும் மரபினர். கிப்சனோ மனத்துள் இருக்கும் படிமங்களின் துணையின்றி நேரடியாகப் புலனுணர்வு நிகழ்கிறது என்றவர். எனவே இம்மாற்றத்தைக் கவனக்குறைவு எனக் கொள்வதைவிட, இரு உளவியல் மரபுகளின் வேறுபாடு எனக் கொள்வதே பொருந்தும்.

1991இல் வில்லியம் கேவர் இவ்விரண்டையும் பிரித்துக் காட்டினார். வாய்ப்பு வேறு, அதனைப் பற்றிய புலனறி தகவல் வேறு என்றார். இரண்டும் இருப்பின் அது புலப்படும் அஃபோர்டன்ஸ். வாய்ப்பிருந்தும் தகவல் இல்லையெனில் மறைந்த அஃபோர்டன்ஸ். தகவல் இருந்தும் வாய்ப்பில்லையெனில் பொய்யான அஃபோர்டன்ஸ்.

1999இல் நார்மனே தம் சொல்லைத் திருத்தினார். தாம் கருதியது உணரப்பட்ட அஃபோர்டன்ஸ் என்றார். திரையில் ஒரு படக்குறியை வரைந்துவிட்டு ‘அஃபோர்டன்ஸ் சேர்த்தேன்’ என வடிவமைப்பாளர் கூறுவதை மறுத்தார். சுட்டி சென்றடையும் திரைப்பகுதி எதனையும் சொடுக்கலாம். படக்குறி புதிய வாய்ப்பு எதனையும் உண்டாக்குவதில்லை. அதனைச் சொடுக்க வேண்டும் என்பது வழக்காறு. 2013இல் வெளியான திருத்தப் பதிப்பில் அஃபோர்டன்ஸை உறவு என்றே வரையறுத்து, செயல் எங்கு நிகழவேண்டும் எனக் காட்டும் அடையாளத்திற்கு ‘சிக்னிஃபையர்’ என்னும் வேறு பெயர் தந்தார். இருபத்தைந்து ஆண்டுகளில் அவர் கிப்சனை நெருங்கி வந்துள்ளார் எனலாம்.

தமிழ்99: ஒரு சோதனை

இவ்வேறுபாடுகள் ஆய்வு முடிவை மாற்றுமா என்பதைக் காண, 1999இல் தமிழ்நாடு அரசு ஏற்றுக்கொண்ட தமிழ்99 விசைப்பலகையை எடுத்துக்கொள்வோம். இதில் ஒரே மெய்வரிசை விசையை இருமுறை அழுத்தினால் முதலெழுத்துக்குப் புள்ளி தானே அமையும். ‘பக்கம்’ என்பதைத் தட்டச்சிட ப, க, க, ம, புள்ளி என ஐந்து அழுத்தங்கள் போதும். ஆனால் விசையின் முகப்பில் ‘க’ என்னும் எழுத்து மட்டுமே உள்ளது. தானே புள்ளி அமையும் என்பதற்கு அடையாளம் ஏதுமில்லை. இதனை அறியாதவர் ஆறாவது அழுத்தமாக இடையில் ஒரு புள்ளியையும் சேர்க்கிறார்.

இங்கு அஃபோர்டன்ஸ் உள்ளதா? கிப்சன் வழி நின்றால் உண்டு; அஞ்சல் பெட்டியைப் போலவே, முறை அறிந்த சமூகத்தாருக்கு அவ்வாய்ப்பு இருக்கிறது. 1988 வரையறையில் ‘உணரப்பட்ட’ என்பதற்கு அழுத்தம் தந்தால் இல்லை. கேவரின்படி அது மறைந்த அஃபோர்டன்ஸ். 2013 நார்மனின்படி அஃபோர்டன்ஸ் உண்டு, சிக்னிஃபையர் இல்லை. ‘அஃபோர்டன்ஸ் இல்லை’ என எழுதும் ஆய்வாளர், விசைப்பலகை அமைப்பையே மாற்றப் பரிந்துரைக்க நேரும். ‘அடையாளம் இல்லை’ என எழுதுபவர், அமைப்பை அவ்வாறே விட்டுத் திரையில் குறிப்பு தரவோ பயிற்சி அளிக்கவோ பரிந்துரைப்பார். ஒரே தரவிலிருந்து எதிரெதிரான இரு முடிவுகள் பிறக்கின்றன. எந்த ஆண்டு, யாருடைய வரையறை என்று குறிப்பிடாத ஆய்வேட்டில் இவ்வேறுபாடு வாசகர்க்குப் புலப்படாது.

கலைச்சொல் என்னும் கோட்பாட்டுப் பயிற்சி

ஆங்கிலத்தில் ஒரே சொல் இத்தனை பொருளையும் மறைத்துக்கொள்ளும். தமிழாக்கத்தில் அதற்கு இடமில்லை. ‘பயன்பண்பு’ என்றால் அஃபோர்டன்ஸ் பொருளில் தங்கிவிடும். ‘பயன்குறிப்பு’ என்றால் காண்பவர்க்குக் கிடைக்கும் தகவலாகிவிடும். ‘செயல்வாய்ப்பு’ என்றால் யாருக்கு, எச்சூழலில் என்னும் வினா உடன் எழுகிறது. ஆகவே கிப்சனுக்கும் 2013 நார்மனுக்கும் இதுவே நெருக்கமானது. ஆயினும் தீமை அளிப்பதையும் கிப்சன் உள்ளடக்கியிருக்க, ‘வாய்ப்பு’ என்பது நன்மையின் பக்கம் சாய்கிறது என்னும் குறை இதற்கு உண்டு.

‘சிக்னிஃபையர்’ என்பதிலும் கவனம் தேவை. அமைப்பியல் வழித் தமிழ்த் திறனாய்வில் ‘குறிப்பான்’ என்னும் சொல் சசூரின் கருத்தாக்கத்திற்கு உரியதாக நிலைபெற்றுள்ளது. அதனையே இங்கும் வழங்கினால் குறிப்பான் – குறிப்பீடு என்னும் இணையும் உடன் வந்து நின்று பொருளை மயக்கும். ‘செயற்குறி’ போன்ற தனிச்சொல் அம்மயக்கத்தைத் தவிர்க்கும்.

ஒரு பருவத்தில் பல கோட்பாடுகளை அறிமுகம் செய்ய வேண்டியிருக்க, ஒரு சொல்லுக்கு இத்தனை நேரம் ஒதுக்க இயலுமா என்னும் தடை எழலாம். அது நியாயமான தடையே. எனினும் கிப்சன், 1988 நார்மன், கேவர், 2013 நார்மன் ஆகியோரின் உரிய பகுதிகளை மட்டும் அடுத்தடுத்துப் படிக்கச் சில வகுப்புகளே போதும். அதன்பின் மாணவர் ஒவ்வொருவரும் ஒரு தமிழ்ச்சொல்லை முன்வைத்து, அது எவ்வரையறைக்குப் பொருந்தும், எதற்குப் பொருந்தாது என வாதிட வேண்டும்.

முடிவுரை

அஃபோர்டன்ஸ் என்பது கிப்சனிடம் உறவாகவும், 1988 நார்மனிடம் உணரப்படும் பண்பாகவும், கேவரிடம் தகவலினின்று பிரிக்கப்பட்ட வாய்ப்பாகவும், 2013 நார்மனிடம் மீண்டும் உறவாகவும் அமைகிறது. இவற்றுள் எதனைக் கொள்வது என்பதை ஆய்வு வினாவே முடிவு செய்ய வேண்டும். கொண்டதனை ஆய்வேட்டின் முதல் இயலிலேயே ஆண்டோடு சுட்ட வேண்டும். இக்கட்டுரை ஒரு கருத்தாக்கத்தை மட்டுமே எடுத்துக்கொண்டது. செயற்பாட்டுக் கோட்பாடு, பரவலாக்கப்பட்ட அறிதல் முதலியவற்றின் சொற்களையும் இம்முறையில் ஆராய்வது, கணினியியல் துறையினரும் தமிழ்த்துறையினரும் இணைந்து மேற்கொள்ளத்தக்க பணியாகும்.