பசித்தவரின் முகம் யாருக்குச் சொந்தம்?

நோன்பு வருவதற்குச் சில வாரங்கள் இருக்கும்போது, சம்மாந்துறையில் எங்கள் பகுதி இளைஞர்கள் நால்வர் ஒரு மடிக்கணினியோடு வீட்டுக்கு வந்தார்கள். பசித்த குடும்பங்களுக்கு உலர் உணவு கொடுக்க ஓர் அமைப்புத் தொடங்குகிறார்களாம். அதற்கொரு இலச்சினையும் சுவரொட்டியும் செய்திருந்தார்கள். “காக்கா, நீங்க கலை பத்தி எழுதுற ஆள்தானே, ஒருக்காப் பார்த்துச் சொல்லுங்க” என்றார்கள். அன்று அவர்களிடம் அரைகுறையாகச் சொன்னதை யோசித்து முழுமையாக எழுதிப் பார்ப்பதுதான் இந்தக் கட்டுரை. சித்திரத்தையும் கவிதையையும் விமர்சிக்கிற நாம், பள்ளிவாசல் மதிலில் ஒட்டப்படும் ஒரு தாளை விமர்சிப்பதில்லை. ஆனால் ஊர் முழுக்கப் பார்க்கிற சித்திரம் அதுதான்.

நெல் விளையும் ஊரில் பசிக்கு எதற்குச் சுவரொட்டி என்று வெளியூரார் கேட்கலாம். கல்லோயாத் திட்டத்தின் தண்ணீர் பாயும் வயல்களும் அரிசி ஆலைகளும்தான் இந்த ஊரின் அடையாளம். ஆனால் 2021இல் இரசாயன உரத்துக்குத் தடை வந்தது. அந்தப் பெரும்போகத்தில் நாடு முழுவதும் விளைச்சல் விழுந்தது. 2022இல் எரிபொருளும் எரிவாயுவும் இல்லாமல் போயின. அந்த ஆண்டு உலக உணவுத் திட்டமும் உணவு விவசாய நிறுவனமும் சேர்ந்து எடுத்த கணக்கில், நாட்டில் சுமார் 63 இலட்சம் பேர் போதிய உணவு இல்லாதவர்களாக இருந்தார்கள். நெல்லை விதைத்தவன் வீட்டிலேயே அரிசிப் பானை காலியாகும் என்று அப்போதுதான் பலருக்கு விளங்கியது. ஆகவே தம்பிமாரின் நோக்கத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை. குறை அவர்கள் போட்ட படங்களில் இருந்தது.

முதலில் இலச்சினை. ஒரு பூகோளம், அதைத் தாங்கும் இரண்டு கைகள், சுற்றி ஒரு கதிர், கீழே ஆங்கில எழுத்தில் பெயர். “இது என்ன கதிர்?” என்று கேட்டேன். “நெல்லுத்தான்” என்றான் ஒருவன். இல்லை, அது கோதுமை. நிமிர்ந்து விறைத்து நிற்பது கோதுமைக் கதிர். முற்றிய நெற்கதிர் தலை சாயும். வட்டைக்குள் இறங்கி வளர்ந்த பிள்ளைகளுக்கு இது தெரியாததல்ல. இணையத்தில் தேடினால் முதலில் கிடைப்பது கோதுமை, அவ்வளவுதான். 1945இல் தொடங்கிய உணவு விவசாய நிறுவனத்தின் சின்னத்தில் கோதுமைக் கதிர் இருக்கிறது. அதன் இலத்தீன் வாசகமும் ரொட்டி உண்டாகட்டும் என்றே சொல்கிறது. உலக உணவுத் திட்டத்தின் சின்னத்தில் தானியக் கதிர்களைப் பிடித்த ஒரு கை, சுற்றிலும் ஒலிவ் இலைகள். அவை பெரிய நிறுவனங்கள், அவற்றுக்கு அது பொருந்தும். நம் நாட்டின் அரச இலச்சினையிலோ நிறைகுடத்திலிருந்து எழும் நெற்கதிர்கள்தான் வட்டமாக வளைகின்றன. நெல்லுக்கு நடுவே இருந்துகொண்டு கோதுமையை இரவல் வாங்குவது சின்ன விஷயம்தான். ஆனால் நம் பசியையும் இரவல் கண்ணால் பார்க்கத் தொடங்கிவிட்டோம் என்பதற்கு அது ஓர் அடையாளம்.

சுவரொட்டியில் இது இன்னும் தெளிவாகத் தெரிந்தது. எலும்பு தெரியும் ஒரு பிள்ளை, பெரிய கண்கள், கறுப்புப் பின்னணி. “இந்தப் புள்ள யாரு தம்பி?”

“தெரியா காக்கா, நெட்ல எடுத்த.”

தவறு என்று அவர்களுக்கே பட்டிருக்க வேண்டும். உடனே இரண்டாவது மாதிரியைக் காட்டினார்கள். அதில் எங்கள் ஊர்ப் பெண் ஒருவர். கணவனை இழந்தவர். அடுப்படியில், காலிப் பானைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். “கேட்டுத்தான் எடுத்த, அவ ஓம் எண்டு சொன்னா” என்றார்கள். நான் கொஞ்ச நேரம் பேசவில்லை. அந்த ராத்தாவின் வாப்பாவை எனக்குத் தெரியும். அடுத்த மாதம் அரிசிப் பொதி வரவேண்டும் என்று காத்திருக்கிறவர், கமெராவோடு வந்து கேட்பவரிடம் மாட்டேன் என்று எப்படிச் சொல்வார்? அது சம்மதமா?

பசியின் படமே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. இந்த நூற்றாண்டுக்கு முந்தைய நூற்றாண்டில் நம் பிராந்தியத்தின் மிகச் சிறந்த சித்திரங்களில் சில பசியைப் பற்றியவை. 1943 வங்காளப் பஞ்சத்தின்போது கல்கத்தா அரச கலைப் பள்ளியில் ஆசிரியராக இருந்த இளைஞர் ஸைனுல் ஆபிதீன் தெருவில் இறங்கினார். மலிவான பொதித் தாளில், கறுப்பு மையும் தூரிகையும் கொண்டு, நடைபாதையில் விழுந்து கிடந்தவர்களை வரைந்தார். காகங்களும் மனிதர்களும் ஒரே குப்பையில் உணவு தேடுகிறார்கள். கோடுகள் வரண்டவை, பின்னணி என்று ஒன்றுமில்லை. பிற்காலத்தில் டாக்காவில் கலைக் கல்வியை நிறுவி, வங்காளதேசத்தின் கலைத் தந்தையாக மதிக்கப்பட்டவர் அவரே. அதே பஞ்சத்தில் சித்தப்பிரசாத், மிட்னாப்பூர்க் கிராமங்களில் நடந்து திரிந்து வரைந்தார், எழுதினார். அவருடைய ‘பசித்த வங்காளம்’ என்ற நூலின் பிரதிகளைப் பிரித்தானிய அரசு பறிமுதல் செய்து எரித்தது.

ஏன் எரித்தது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. இலட்சக்கணக்கானோர் செத்துக்கொண்டிருந்தபோது, சட்டப்படி பஞ்சம் என்று அறிவிக்கக்கூட அந்த அரசு முன்வரவில்லை. மறைப்பதே குற்றமாக இருந்த இடத்தில் காட்டுவது சாட்சியாகியது. ஸைனுல் ஆபிதீனின் கோடு, இறந்துகொண்டிருப்பவரின் பக்கத்தில் நின்று, அதிகாரத்தைப் பார்த்துப் பேசுகிறது. நம் சுவரொட்டியோ ஏழையின் முகத்தைக் காட்டிப் பக்கத்து வீட்டானிடம் பேசுகிறது. அந்த முகத்தைப் பார்ப்பவர்கள் நாளை காலை சந்தையில், பள்ளிக்கூட வாசலில், கலியாண வீட்டில் அவரைச் சந்திக்கப்போகிறவர்கள். அவருடைய பிள்ளையோடு ஒரே வகுப்பில் இருப்பவர்கள். முன்னையது சாட்சி. பின்னையதைக் காட்சிப்பொருள் என்றுதான் சொல்லவேண்டியிருக்கிறது.

நிதி கேட்பதற்கென்றே செய்த நல்ல சுவரொட்டிகளும் உண்டு. ஜெர்மானியக் கலைஞர் கேத்தே கொல்விட்ஸ் 1921இல் ரஷ்யப் பஞ்சத்துக்கு உதவி கேட்டு ஒன்று செய்தார். சரியும் ஒரு தலையைப் பக்கத்திலிருந்து வரும் கைகள் தாங்குகின்றன. கைகள் யாருடையவை என்று காட்டவில்லை. பார்ப்பவர் தன் கையை அங்கே வைத்துக்கொள்ளலாம். இரண்டு மூன்று வருடங்களுக்குப் பிறகு ஜெர்மனியின் பிள்ளைகளுக்காக அவர் செய்த சுவரொட்டி இன்னும் பிரபலம். காலிக் கிண்ணங்களை உயர்த்தி, அண்ணாந்து பார்க்கும் பிள்ளைகள். இரண்டும் வலிமையானவை. ஆனாலும் முதலாவதையே நான் மேலாக மதிக்கிறேன். இரண்டாவதில் பிள்ளைகள் கீழே நிற்கிறார்கள், பார்ப்பவர் அகப்பையோடு மேலே நிற்கிறார். முதலாவதில் தாங்குபவரும் தாங்கப்படுபவரும் ஒரே மட்டத்தில் இருக்கிறார்கள். இரண்டிலும் உள்ளவை வரைந்த முகங்கள். எந்தத் தெருவிலும் யாரும் அவற்றை அடையாளம் சொல்ல முடியாது.

நமக்கு இது புதிய பாடமுமல்ல. சூரா அல்-பகராவின் 273ஆம் வசனம், வற்புறுத்திக் கேட்காத ஏழைகளைப் பற்றிப் பேசுகிறது. அவர்களுடைய தன்மானத்தைப் பார்த்து, அறியாதவர் அவர்களைச் செல்வந்தர் என்றே எண்ணுவார். அடையாளத்தைக் கொண்டு நாம்தான் அவர்களை அறிந்துகொள்ள வேண்டும். அதாவது தேடிப் போகவேண்டிய வேலை கொடுப்பவனுடையது. முகத்தை மதிலில் ஒட்டி, இன்னார் ஏழை என்று அறிவிக்கும் வேலையை அது நம்மிடம் தரவில்லை. அதற்குச் சற்று முன்னால், 264ஆம் வசனம், சொல்லிக் காட்டியும் நோவித்தும் தர்மத்தைப் பாழாக்க வேண்டாம் என்று எச்சரிக்கிறது. இன்று சொல்லிக் காட்டுவதற்கு வாய் தேவையில்லை, ஒரு போட்டோ போதும்.

“அப்ப என்னத்தப் போடுற?” என்று கேட்டார்கள். சஹனைப் போடுங்கள் என்றேன். ஒரு தட்டைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடுவது நம் கலியாண வீடுகளில் இன்றும் இருக்கிறது. அந்தத் தட்டைச் சுற்றிக் கொடுப்பவன் யார், எடுப்பவன் யார் என்று பிரிக்க முடியாது. மேலிருந்து பார்த்தால் அது ஒரு வட்டம். வட்டத்துக்குள் தலைசாய்ந்த ஒரு நெற்கதிர் போதும். பூகோளம், கை, இதயம் எதுவும் வேண்டாம். ஒரே நிறத்தில் அச்சிடலாம், போட்டோப் பிரதி எடுத்தாலும் அழியாது, விரல் நகமளவு சுருக்கினாலும் விளங்கும். உயிருள்ளவற்றின் உருவம் பற்றித் தயங்குவோருக்கும் அதில் சிக்கல் இல்லை. திருவசனத்தை அழகெழுத்தில் போடலாமா என்று ஒருவன் கேட்டான். நல்ல எண்ணம்தான். ஆனால் அரிசி தீர்ந்ததும் பை குப்பைக்குத்தானே போகும்?

இன்னொன்றையும் சொன்னேன். இலச்சினை ஆலை வாசலிலும் பள்ளிவாசல் அறிவித்தல் பலகையிலும் இருக்கட்டும். வீட்டுக்குப் போகும் பொதியில் வேண்டாம். சுனாமிக்குப் பிறகு நம் கரையோர ஊர்களில் கூடாரம், வாளி, தோணி என்று எல்லாவற்றிலும் யாரோ ஒருவரின் சின்னம் இருந்தது. ஒழுங்கையால் பொதியைத் தூக்கிப் போகிறவர் நம் விளம்பரத்தையும் சேர்த்துச் சுமக்க வேண்டியதில்லை. கடையில் வாங்கிய பை போலவே அது இருக்கட்டும்.

சுவரொட்டியில் இரக்கத்துக்குப் பதில் கணக்கை எழுதலாம். மழையில் விளைந்ததற்குப் பத்தில் ஒன்று, செலவழித்து நீர் பாய்ச்சியதற்கு இருபதில் ஒன்று என்பது விளைச்சலின் ஸகாத். சூடடித்து முடிந்த போடியாருக்கு ஒரு பிள்ளையின் கண்ணீரைக் காட்டுவதைவிட, உங்கள் களத்து நெல்லில் இன்னொருவரின் நெல்லும் கிடக்கிறது என்று எழுதுவதே நேர்மை. கெஞ்சுவதற்கு அதில் இடமில்லை. கடமை ஞாபகப்படுத்தப்படுகிறது, அவ்வளவுதான்.

“படம் இல்லாட்டி காசு வராது காக்கா” என்றான் இருப்பவர்களில் இளையவன். அவன் சொல்வதில் உண்மை இருக்கிறது. அழுகிற முகம் சட்டென்று கையைப் பொக்கற்றுக்குக் கொண்டுபோகும். ஆனால் அடுத்த வருடம் அதைவிட மெலிந்த முகம் தேவைப்படும், அதற்கடுத்த வருடம் இன்னும் மெலிந்தது. அந்தப் போட்டியில் நம் ஊரின் எந்த வீட்டு அடுப்படியையும் நாம் விட்டுவைக்க மாட்டோம்.

அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு மூத்தவன் அந்த ராத்தாவின் படத்தைக் கணினியிலிருந்து அழித்தான். “ஃபோன்லயும் கிடக்கு” என்றான் இளையவன். அதையும் அழிக்கும்வரை நான் தேத்தண்ணி ஊற்றவில்லை.