கோப்பைக் கணக்கில் விடுபட்ட பெயர்

திருச்சி கே.கே. நகர் உழவர் சந்தைக்குப் போகும் வழியில் ஒரு மாதமாக ஒரு ஃப்ளெக்ஸ் நிற்கிறது. ஒரு கல்லூரிக் கால்பந்து அணி தொடர்ந்து மூன்றாவது வருடமாகக் கோப்பை வாங்கியதற்கான வாழ்த்து அது. நடுவில் தலைமைப் பயிற்சியாளர் ஆளுயரத்துக்கு நிற்கிறார். அவர் காலடியில் தபால்தலை அளவில் பதினெட்டு முகங்கள், ஒன்றுக்கும் கீழே பெயர் இல்லை. அதையொட்டி நடந்த பாராட்டு விழாவுக்கும் போயிருந்தேன். "நல்ல கோச் அமைஞ்சுட்டா கோப்பை தானா வரும். கோப்பைதான் கோச்சோட மார்க் ஷீட்" என்று மேடையில் ஒருவர் சொன்னதும் அரங்கமே கைதட்டியது.

இது அந்த ஒருவரின் கருத்து மட்டுமல்ல. 2019இல் 'பிகில்', 2024இல் 'மைதான்' என்று படங்களும் சேர்ந்து, தனி ஒரு பயிற்சியாளர் வந்து நின்றால் சாம்பியன் பட்டம் பின்னாலேயே வரும் என்ற நம்பிக்கையை நம் ஊரில் வேரூன்ற வைத்துவிட்டன. கல்லூரி நிர்வாகங்களும் அதே நம்பிக்கையில்தான் ஆள் எடுக்கின்றன, ஆளை மாற்றுகின்றன.

பயிற்சியாளரால் அணி மாறும் என்பதை நான் மறுக்கவில்லை. 2019 இறுதியில் சென்னையின் எஃப்.சி. தடுமாறிக்கொண்டிருந்தது. ஜான் கிரகரி விலகி ஓவன் கோய்ல் வந்தார். ஏறக்குறைய அதே ஆட்டக்காரர்களை வைத்துக்கொண்டே 2020 மார்ச்சில் ஐ.எஸ்.எல். இறுதி ஆட்டம் வரை போனார். சையது அப்துல் ரஹீமைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பள்ளி ஆசிரியராக இருந்த அந்த ஹைதராபாத்காரர்தான் 1951இலும் 1962இலும் ஆசிய விளையாட்டில் இந்தியாவுக்குத் தங்கம் வாங்கிக் கொடுத்தார். 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நம் அணி நான்காவதாக வந்ததும் அவர் காலத்தில்தான். ஆக, முடியுமா என்று கேட்டால் முடியும்.

ஆனால் கோப்பையை மார்க் ஷீட்டாக வைத்துப் படித்தால் என்ன தெரிகிறது? கோய்லுக்கு இடம் விட்டுப் போன அதே கிரகரிதான் 2018 மார்ச் 17 அன்று பெங்களூரில், பெங்களூரு அணியையே 3-2 என்று வென்று சென்னையினுக்கு இரண்டாவது பட்டத்தை வாங்கிக் கொடுத்தவர். அடுத்த சீசனில் அவர் பொறுப்பிலேயே அந்த அணி 18 ஆட்டங்களில் 9 புள்ளி எடுத்துக் கடைசி இடத்துக்குப் போனது. ஒரு வருடத்துக்குள் அவருக்கு ஆட்டம் மறந்துபோயிருக்குமா? 2019 மார்ச்சில் கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியத்தில் மினர்வாவை 3-1 என்று வென்று, ஈஸ்ட் பெங்காலை ஒரே ஒரு புள்ளியில் முந்தி ஐ-லீக் பட்டம் எடுத்தது சென்னை சிட்டி. சிங்கப்பூரிலிருந்து வந்த அக்பர் நவாஸ் அதன் பயிற்சியாளர். 2021-22 ஐ-லீக்கில் அந்த அணியே இல்லை. கோப்பை அந்த வருடத்தைப் பற்றிச் சொல்லும். பயிற்சியாளர் பின்னால் எதை விட்டுப்போனார் என்பதைச் சொல்லாது.

கிளப் அணிகளைக்கூட விட்டுவிடலாம், அங்கே ஆள் வாங்குவதும் விற்பதும்தான் தொழில். கல்லூரி அப்படி இல்லை. பல வருடங்களாக என் மனதை அரிக்கும் விஷயம் அங்கேதான் இருக்கிறது.

பிளஸ் டூ முடிவு வந்த கையோடு நடப்பதைக் காஜாமலைப் பக்கம் மைதானத்துக்குக் காலையில் போகிறவர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். விளையாட்டு விடுதிப் பையன்கள், ஜூனியர் மாநில அணியில் ஆடியவர்கள், பக்கத்து மாவட்டங்களிலிருந்து பையைத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள் என்று கூட்டம் நிற்கும். கல்லூரிக்காரர்கள் ஓரமாக நின்று பார்ப்பார்கள். ட்ரையல்ஸ் முடிந்ததும் பேச்சு ஆரம்பிக்கும்: ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் சீட், ஃபீஸ் கிடையாது, ஹாஸ்டல் ஃப்ரீ, மெஸ்ஸில் முட்டையும் பாலும் தனி. அதில் தவறு ஒன்றும் இல்லை. ஏழைப் பையனுக்குப் பந்து வழியாகப் பட்டம் கிடைக்கிறது, எத்தனையோ குடும்பங்கள் அதனால் தலைநிமிர்ந்திருக்கின்றன. தவறு அதற்கு அடுத்த படியில் நடக்கிறது. எட்டு, ஒன்பது வருடம் யாரோ சொல்லிக்கொடுத்து ஆளாக்கிய பையன்கள் பதினோரு பேரை ஜூனில் சேர்த்துக்கொண்டு, சில மாதத்தில் மண்டலப் போட்டியில் கோப்பையை வாங்கிவிட்டு, அதற்குப் 'பயிற்சி' என்று பெயர் வைக்கிறோம். அது தேர்வு. நல்ல கண் வேண்டும், தொடர்பு வேண்டும், நிர்வாகத்திடம் பேசிச் சீட் வாங்கும் திறமையும் வேண்டும். இருந்தும் கற்றுக்கொடுப்பது என்பது வேறு வேலை.

என் அண்ணன் மகன் இடது பின்கள ஆட்டக்காரன். அப்படி ஒரு கல்லூரியில் சேர்ந்தான். இடது காலில் பந்து ஒட்டிக்கொண்டு வரும், வலது கால் வெறுமனே ஊன்றி நிற்பதற்குத்தான். எதிரணிக்காரன் அவனை உள்பக்கமாகத் தள்ளிவிட்டால் போதும், ஆட்டம் முடிந்தது. இதைக் கண்டுபிடிக்கப் பெரிய நிபுணர் வேண்டியதில்லை, டச் லைனில் நின்ற எனக்கே தெரிந்தது. கல்லூரி என்ன செய்தது? இரண்டாம் வருடம், இரண்டு காலிலும் அடிக்கத் தெரிந்த ஒரு பையனை வெளியூரிலிருந்து கொண்டுவந்து அந்த இடத்தில் நிறுத்தியது. அவன் முதுகலையில் பெயருக்குச் சேர்ந்தவன். கோப்பை வந்தது. மூன்றாம் வருடமும் வந்தது. என் அண்ணன் மகன் இரண்டு இறுதி ஆட்டங்களையும் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தான், இரண்டு சான்றிதழ்களோடு வீட்டுக்கு வந்தான். கல்லூரிக்குள் போகும்போது வலது காலில் ஒரு கிராஸ் போடத் தெரியாது, வெளியே வரும்போதும் தெரியாது. அந்தப் பயிற்சியாளரின் மார்க் ஷீட்டில் மட்டும் அந்த மூன்று வருடங்களும் முதல் வகுப்பு.

ஒரு கணக்கு வாத்தியார் சேர்க்கையிலேயே நூற்றுக்குத் தொண்ணூறு வாங்கியவர்களை மட்டும் எடுத்துக்கொண்டு, கடைசியில் என் வகுப்பில் எல்லோரும் தொண்ணூறு என்றால் ஒப்புக்கொள்வோமா? பந்து விஷயத்தில் மட்டும் ஏன் மாலை போடுகிறோம்?

பல்கலைக்கழக மட்டத்திலிருந்து வந்து சாதித்தவர் என்று சதீவன் பாலனை எனக்கு எதிராகச் சொல்வார்கள். நியாயமான உதாரணம்தான். கோழிக்கோடு பல்கலைக்கழக அணியைப் பலமுறை அகில இந்தியப் பட்டத்துக்கு அழைத்துப்போனவர் அவர். 2018 ஏப்ரலில் கொல்கத்தாவில், வங்காளத்தை அவர்கள் மண்ணிலேயே டைபிரேக்கரில் வீழ்த்திச் சந்தோஷ் டிராபியைக் கேரளத்துக்கு மீட்டுத் தந்தவரும் அவர்தான். அவர் திறமையில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அந்தப் பல்கலைக்கழகம் இருக்கும் மலப்புறத்தில் ஒரு மாலைப் பொழுது நடந்து பாருங்கள். அறுவடை முடிந்த வயலெல்லாம் அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் மைதானம், பள்ளிக்குப் பள்ளி அணி. விளைந்து கிடக்கிற அந்த ஊரையும் சேர்த்தல்லவா அவர் களத்தில் இறக்கினார்? அவரை அப்படியே கொண்டுவந்து, தொடக்கப் பள்ளியில் பந்தே இல்லாத ஒரு மாவட்டத்தில் விட்டால் கோப்பை வந்துவிடுமா? வராது என்பதே என் உறுதியான எண்ணம். கொஞ்சம் கூடுதலாகச் சொல்கிறேன் என்று சிலருக்குத் தோன்றலாம். தோன்றட்டும்.

அமெரிக்காவைக் காட்டுகிறவர்களும் உண்டு. அங்கே கல்லூரிகளில் ஆடும் 'ஃபுட்பால்' வேறு ஆட்டம். நிக் சேபன் என்ற பயிற்சியாளர் எல்.எஸ்.யூ.வில் ஒன்று, அலபாமாவில் ஆறு என்று ஏழு தேசியப் பட்டம் வென்றார். பள்ளிப் பையன்களின் வீட்டு வாசலுக்கே போய் ஆள் பிடிப்பது அங்கே தலைமைப் பயிற்சியாளரின் வேலை, அதை யாரும் மறைப்பதில்லை. இத்தனை பேருக்குத்தான் உதவித்தொகை என்று நெடுங்காலம் 85 பேர் உச்சவரம்பும் இருந்தது. எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொன்று. அங்கே அணிப் பட்டியலில் ஒவ்வொரு ஆட்டக்காரன் பெயருக்கும் பக்கத்தில் அவன் ஊரும், படித்த உயர்நிலைப் பள்ளியும் அச்சாகும். நம் ஃப்ளெக்ஸில் பையனின் பெயரே இல்லை, பள்ளிக்கு எங்கே இடம்?

ரஹீமையும் தவறாகத்தான் படமாக்கி வைத்திருக்கிறோம். 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டு இறுதி ஆட்டத்தில், முன்பே தலையில் அடிபட்டிருந்த ஜர்னயில் சிங்கைப் பின்களத்திலிருந்து எடுத்து முன்னால் நிறுத்தினார், அவர் கோல் அடித்தார் என்பது எல்லோருக்கும் மனப்பாடம். அவர் ஹைதராபாதில் பையன்களுக்குப் பலவீனமான காலால் மட்டுமே அடிக்க வேண்டும் என்று விதி வைத்துப் போட்டிகள் நடத்தியது யாருக்கு நினைவிருக்கிறது? செகந்திராபாதில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த துளசிதாஸ் பலராம் பயிற்சிக்கு வர வழியில்லாமல் நின்றபோது, வாடகைச் சைக்கிளுக்குக் காசு கொடுத்து வரவழைத்தவர் அவர். அந்தச் சைக்கிள் காசில் ஆரம்பித்த வேலைதான் 1962இல் தங்கமாக வந்து சேர்ந்தது.

2018இல் கட்டாக்கில், பெண்கள் தேசியப் போட்டியில் மணிப்பூரை 2-1 என்று வென்று தமிழ்நாடு முதன்முறையாகப் பட்டம் எடுத்தபோது நான் மகிழ்ந்ததும் இதற்காகத்தான். இந்துமதி கதிரேசன் போன்றவர்கள் கடலூரில் பயிற்சியாளர் மாரியப்பனிடம் சின்ன வயதில் பந்து பழகி வந்தவர்கள். கோப்பையின் வேர் எங்கே இருக்கிறது என்று அந்த ஒருமுறையாவது பத்திரிகைகள் தேடிப் போய் எழுதின.

பயிற்சியாளர்களுக்கான துரோணாச்சாரியா விருதும் முக்கியமாகக் கடந்த நான்கு ஆண்டுப் பதக்கங்களைப் பார்த்தே கொடுக்கப்படுகிறது. 1985இல் அதை முதன்முதலில் பெற்றவர்களில் ஒருவர் ஓ.எம். நம்பியார். பள்ளிச் சிறுமியாக இருந்த பி.டி. உஷாவைக் கண்ணூரில் கையில் எடுத்து, லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக் வரை கூடவே நடந்தவர். அந்த விருதின் பொருள் அதுவாக இருந்தது. நான் கேட்பதும் பெரிதாக ஒன்றும் இல்லை. கல்லூரி அணிப் பட்டியலில் ஒரு கட்டம் கூட்டுங்கள்: முதலில் சொல்லிக்கொடுத்தவர் யார்? சேரும்போது பையனால் என்ன முடிந்தது, மூன்று வருடம் கழித்து என்ன முடிகிறது என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். கோப்பையையும் அதன் பக்கத்தில் வையுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை.

எங்கள் பகுதியில் ஒரு அரசுப் பள்ளி பி.இ.டி. சார் இருக்கிறார். காலை ஐந்தே முக்காலுக்கெல்லாம் மைதானத்தில் நிற்பார். பந்து நான்கு, அதில் ஒன்று பிளாடர் ஒட்டுப்போட்டது. இரண்டு செங்கலை ஒரு முழ இடைவெளியில் நிறுத்தி, உள்பாதத்தால் நடுவே பாஸ் போடச் சொல்வார். இருபது தடவை செங்கல் விழாமல் போனால்தான் அடுத்த பையன். வலது காலையே நம்பும் பையனுக்கு அந்தக் கால் பூட்ஸைக் கழற்றச் சொல்லிவிடுவார். ஒரு வாரத்துக்கு வலது கால் வெறுங்கால், அடிப்பதெல்லாம் இடது காலில்தான்.

போன வாரம் சந்தையிலிருந்து கீரைக்கட்டோடு திரும்பியவர் அந்த ஃப்ளெக்ஸ் முன்னால் ஸ்கூட்டரை நிறுத்தியிருந்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு காலடி வரிசையில் இருந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஓரத்திலிருந்து மூன்றாவதில் விரலை வைத்தார். "இவன் நம்ம பையன். ஆறாவதுலேருந்து எங்கிட்ட ஆடுனவன்."

பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார். "நீங்க மேட்ச் பாத்தீங்கள்ல சார்? இடது கால்ல அடிக்கிறானா இப்ப?"

இறுதி ஆட்டத்தை நான் முழுக்கப் பார்த்தேன். அந்தப் பையனைக் களத்தில் இறக்கவே இல்லை.