பெயர் சொல்லாத முத்திரை

மெர்சிங்குக்கு வடக்கே உள்ள எண்டாவ், ஜொகூரின் மீன்பிடி ஊர்களில் ஒன்று. 1942 ஜனவரி 27 விடியுமுன், அதன் கடலில் ஜப்பானியப் படையிறக்கத்தைத் தாக்க இரண்டு நாசகாரிக் கப்பல்கள் புகுந்தன. பிரிட்டனின் தானெட், ஆஸ்திரேலியாவின் வாம்பயர். இரண்டுமே முதல் உலகப் போர்க் காலத்துப் பழசு. தானெட் மூழ்கியது. வாம்பயர் சிங்கப்பூருக்குத் தப்பியது. ஏப்ரல் 9-இல் மட்டக்களப்புக்கு அப்பால், விமானந்தாங்கி ஹெர்மிஸோடு சேர்த்து அதையும் ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்தன. நம் கடலில் தப்பிய கப்பலுக்கு ஈழத்துக் கடலில் முடிவு.

இத்தகைய கப்பல்களிலிருந்து வந்த கடித உறைகளைத் தேடுவது ஒரு விசித்திரமான ருசி. தேடும் பெயர் உறையில் இருக்காது. எதிரிக்குத் துப்பு கிடைக்கக்கூடாது என்பதால், பிரிட்டிஷ் மாலுமியின் கடிதம் கப்பலையும் துறைமுகத்தையும் மறைத்தே வந்தது. தணிக்கை முத்திரை ஒன்று விழுந்திருக்கும். தலைப்பக்கம் வளைந்த ஒரு வகையைச் சேகரிப்பாளர்கள் ‘டூம்ஸ்டோன்’ என்பார்கள். பார்த்தால் கல்லறைக் கல்லேதான். கடிதத்தைப் படித்த அதிகாரியின் கையெழுத்தும் சில சமயம் அருகில் கிறுக்கலாக நிற்கும். ரசனை தொடங்கும் இடம் அந்தக் கிறுக்கல்தான். அதே கையெழுத்து, கப்பல் எதுவென்று தெரிந்த இன்னோர் உறையில் அகப்பட்டால் இந்த உறைக்கும் ஊர் பேர் கிடைத்துவிடும்.

அமெரிக்கர் வழி வேறு. போருக்கு முன் அவர்களுடைய கப்பல் தபால் முத்திரையில் பெயர் வட்டத்துக்குள் பளிச்சென்று இருக்கும்; பக்கத்துக் கோடுகளுக்கு நடுவே துறைமுகத்தின் பெயரைக்கூடப் பதித்தார்கள். இந்த முத்திரைகளைச் சேகரிப்பதற்கென்றே 1932-இல் ஒரு சங்கமும் தோன்றியது. போரில் இறங்கியதும் அந்தப் பெயர்களும் போயின: ‘யு.எஸ். நேவி’, தேதி, அவ்வளவே. 1942 ஏப்ரல் முதல் படைவீரருக்குத் தபால் இலவசம். தபால் தலை ஒட்டும் மூலையில் பேனாவால் ‘ஃப்ரீ’ என்று எழுதினால் போதும். படம் அச்சிட்ட அலங்கார உறைகளைவிட அந்த அவசர எழுத்தே எனக்கு உசத்தி. அலங்காரம் சேகரிப்பவனை நினைத்துச் செய்தது. இது வீட்டை நினைத்து எழுதியது.

ஆல்பத்தில் இவற்றுக்கு அடுத்த பக்கத்தில் ‘டாய் நிப்பொன் 2602 மலாயா’ என்று மேலச்சிட்ட தபால் தலைகளை வைப்பேன். 2602 என்பது ஜப்பானியக் கணக்கில் 1942. கப்பல்காரன் இடத்தை மறைத்த அதே ஆண்டில், கரையைப் பிடித்தவன் தன் நாட்டின் பெயரைப் பதித்து, ஆண்டையும் தன் கணக்குக்கு மாற்றிவிட்டான்.

வாங்குவோருக்கு ஒன்று. தபால் தலையை மட்டும் வெட்டி எடுத்த துண்டு இந்த வேட்டைக்கு உதவாது. முழு உறை வேண்டும். ‘வாம்பயர்’ என்று பெயரும் படமுமாக மலிவாக ஓர் உறை கிடைத்தால், துள்ளுவதற்கு முன் தேதியைப் பாருங்கள். 1959-இல் பணிக்கு வந்த இன்னொரு வாம்பயர் உண்டு. அது சிட்னியில் அருங்காட்சியகக் கப்பலாக நிற்கிறது. உங்கள் கையில் இருப்பது பெரும்பாலும் அதன் நினைவு உறையாகத்தான் இருக்கும்.