தெளிக்கலாமா, வேண்டாமா? முந்திரிக்காட்டிலிருந்து சாப்ட்வேர் முறைகளைப் பார்த்தால்

வரதராஜன்பேட்டை, ஆண்டிமடம் பக்கத்துச் செம்மண்ணில் மழைக்காலம் முடிந்து முந்திரி துளிர் விடும்போது ஒவ்வொரு காட்டுக்காரருக்கும் ஒரு கேள்வி வரும். இந்த வருஷம் மருந்து தெளிக்கலாமா, வேண்டாமா? தேயிலைக் கொசு துளிரிலும் பூங்கொத்திலும் சாறு உறிஞ்சினால் கொத்து கருகிவிடும், காய் பிடிக்காது. தெளித்தால் செலவு. அதோடு தேனீ முதலிய நல்ல பூச்சிகளும் போகும்.

இப்படிப்பட்ட கேள்விகளுக்காகத்தான் 'முடிவெடுக்க உதவும் மென்பொருள்' என்று ஒரு துறையே ஐம்பது வருஷமாக இருக்கிறது. அந்தத் துறையின் கட்டுமான முறைகளைப் பற்றி எனக்கு இருக்கும் ஒரு மனக்குறைதான் இந்தக் குறிப்பு.

முதலில் வரலாறு, சுருக்கமாக. 1971-இல் கோரி, ஸ்காட் மார்டன் இருவரும் ஒரு கட்டுரை எழுதினார்கள். முடிவுகளில் சில முழுக்க விதிப்படி போகும், அவற்றைக் கணினியிடமே விட்டுவிடலாம். சில எந்த விதிக்கும் அடங்காது. நடுவில் பாதி கணக்கு, பாதி அனுபவம் என்று ஒரு வகை உண்டு. அங்கேதான் மனிதனுக்குக் கணினி துணை நிற்க வேண்டும் என்றார்கள். நம்ம தெளிப்புக் கேள்வி அச்சு அசலாக இந்த நடு வகை.

அதை எப்படிக் கட்டுவது? அப்போது பரவிக்கொண்டிருந்தது அருவி முறை: தேவையை முழுசா எழுதி வாங்கு, வடிவமை, நிரல் எழுது, சோதி, ஒப்படை. 1970-இல் இந்தப் படத்தை வரைந்த ராய்ஸே, இப்படியே செய்வது ஆபத்து என்றும் அதே கட்டுரையில் எழுதியிருந்தார். படம் மட்டும் பரவியது, எச்சரிக்கை பரவவில்லை. முடிவு சார்ந்த மென்பொருளுக்கு இது பொருந்தாது என்று பீட்டர் கீன் வாதிட்டார். பயன்படுத்துபவருக்கே தன் தேவை முன்கூட்டித் தெரியாது. சின்னதாக ஒன்றைக் கையில் கொடுத்தால்தான் அவருக்கும் புரியும், கட்டுபவருக்கும் புரியும். 1982-இல் ஸ்ப்ரேக், கார்ல்சன் புத்தகம் இதையே ஒழுங்கான முறையாக்கியது: திரையில் என்ன தெரிய வேண்டும், அதை வைத்து என்ன செய்ய முடிய வேண்டும், எதை நினைவில் வைத்துத் தர வேண்டும், கட்டுப்பாடு யார் கையில் என்ற நான்கு கேள்விகள்.

நல்ல கேள்விகள்தான். ஆனால் நான்குமே திரையைச் சுற்றித்தான் வருகின்றன. முடிவு தப்பினால் நஷ்டம் யாருக்கு என்ற கேள்வி அதில் இல்லை. முடிவெடுப்பவரும் விளைவை அனுபவிப்பவரும் ஒரே ஆள் என்று அந்த நூல்கள் பேசாமலே வைத்துக்கொண்டன. ஒரு கம்பெனி மேலாளருக்கு அது ஓரளவு சரி. முந்திரிக்காட்டுக்குச் சரியில்லை.

இது ஏட்டு வாதம் இல்லை. கேரளத்தின் காசர்கோட்டில் அரசு முந்திரித் தோட்டங்களில் இதே தேயிலைக் கொசுவுக்காக 1970களின் பிற்பகுதியிலிருந்து 2000 வரை எண்டோசல்பானை ஹெலிகாப்டரில் தெளித்தார்கள். தெளிக்க முடிவெடுத்தவர்கள் ஒரு பக்கம், அந்தக் காற்றையும் தண்ணீரையும் எடுத்துக்கொண்டவர்கள் இன்னொரு பக்கம். 2011-இல் உச்ச நீதிமன்றம் அந்த மருந்துக்குத் தடை போட்டது. அதற்குள் அங்கே ஒரு தலைமுறையே நோயோடு வளர்ந்துவிட்டது. பூச்சி எவ்வளவு இருக்கிறது என்று பார்க்காமல், காலண்டரைப் பார்த்துத் தெளிப்பதும் ஒரு முடிவு முறைதான். முந்திரியில் அதற்குக் கொடுத்த விலை இது.

காலண்டருக்கு மாற்று 1959-லேயே வந்துவிட்டது. ஸ்டெர்னும் அவர் கூட்டாளிகளும் 'பொருளாதார சேத வரம்பு' என்ற கருத்தை முன்வைத்தார்கள். பூச்சி இருக்கிறதா என்பதில்லை கேள்வி. தெளிக்கும் செலவைவிடத் தெளிப்பால் தப்பும் விளைச்சல் பெரிசா என்பதுதான்.

ஒரு கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்வோம். எண்கள் என் கற்பனை. ஒரு மரம் 5 கிலோ கொட்டை தரும், கிலோ 120 ரூபாய், ஆக 600 ரூபாய். மரத்துக்குத் தெளிப்புச் செலவு 100 ரூபாய். வரக்கூடிய சேதத்தில் 70 சதவீதத்தைத் தெளிப்பு தடுக்கும். 20 சதவீத சேதம் வரும் என்றால் நஷ்டம் 120, தெளித்தால் தப்புவது 84. தெளிக்க வேண்டாம். 30 சதவீதம் என்றால் நஷ்டம் 180, தப்புவது 126. தெளிக்கலாம். எல்லைக்கோடு சுமார் 24 சதவீதம். விலை 90-க்கு இறங்கினால் அதே கோடு 32-க்கு ஏறிவிடும். தெளிப்பது தை மாசம், விலை தெரிவது சித்திரையில். மனுஷ மூளை தடுமாறுவது இந்த இடத்தில்தான், மென்பொருள் உதவ வேண்டியதும் இங்கேதான்.

நம்மிடம் என்ன இருக்கிறது? தமிழ்நாடு அரசின் உழவன் செயலி 2018-இல் வந்தது. மானியம், உர இருப்பு, விதை இருப்பு, சந்தை விலை, வானிலை எல்லாம் அதில் உண்டு. புத்தூர் முந்திரி ஆராய்ச்சி இயக்குநரகமும் பல மொழிகளில் ஒரு செயலி வைத்திருக்கிறது. ரகம், நடவு, பூச்சி பற்றிய தகவல் கிடைக்கும். இவை பயனுள்ளவை, குறை சொல்வதற்கில்லை. ஆனால் இவை தகவல் பலகைகள். 'என் காட்டில், இந்த வாரம், தெளிக்கலாமா' என்ற கேள்வியை எடுத்துக்கொண்டு போனால், அதற்கு வேண்டிய எண்களை நாமேதான் கூட்டிக் கழிக்க வேண்டும். வேளாண் செயலி எதுவானாலும் 'முடிவுக்குத் துணை' என்று எழுதிவிடுகிற பழக்கத்தைத்தான் நான் குறை சொல்கிறேன். கையில் இருக்கிற தரவிலிருந்து ஆரம்பித்தால் வருவது பலகைதான். எடுக்க வேண்டிய முடிவிலிருந்து ஆரம்பித்தால்தான் துணை வரும்.

ஊரில் உண்மையான முடிவுத்துணை ஏற்கெனவே ஒன்று இருக்கிறது: மருந்துக் கடை. கருகின கொத்தை ஒடித்துக்கொண்டு போய், 'அண்ணே, இதுக்கு என்ன அடிக்கலாம்?' என்றால் உடனே பதில், கையோடு மருந்து, தெரிந்தவர் என்றால் கடனும் கிடைக்கும். எந்தச் செயலியும் போட்டி போட முடியாத வேகம். ஒரே ஒரு குறை: 'அடிக்க வேண்டாம்' என்று சொன்னால் அந்தக் கடைக்கு வியாபாரம் இல்லை. கடைக்காரர் கெட்டவர் என்று இல்லை, ஏற்பாடு அப்படி. புதுசாகக் கட்டுபவர்கள் தங்கள் போட்டியாளர் யார் என்று தெரியாமலே கட்டுகிறார்கள்.

ஜெயித்த உதாரணம் இல்லையா? ஆஸ்திரேலியப் பருத்தியில் சிராடாக் என்று ஒன்று இருந்தது. 1980களில் விவசாயிகள் வயலில் புழு, முட்டை, காய் எண்ணி எண்களை அனுப்புவார்கள். தெளிக்கலாமா வேண்டாமா என்று கணினி சொல்லும். பத்து வருஷத்துக்குள் பயன்பாடு சுருங்கி நின்றுவிட்டது. தோல்வி என்று எழுதிவிடலாம். ஆனால் ஆய்வாளர்கள் சொல்லும் காரணங்களில் ஒன்று சுவாரசியமானது: சில வருஷம் எண்ணிப் பழகியவர்களுக்கு, மென்பொருள் என்ன சொல்லும் என்று முன்கூட்டியே தெரிந்துவிட்டது. அது அவர்களுக்குத் தேவைப்படவில்லை.

இதைத்தான் நான் வெற்றி என்பேன். ஆனால் நமது முறைகளில் இந்த வெற்றியை அளக்க இடமே இல்லை. எத்தனை பேர் பதிவிறக்கினார்கள், தினம் எத்தனை பேர் திறக்கிறார்கள் என்றுதான் அளக்கிறோம். கற்றுக்கொண்டு போய்விட்டவர் அந்தக் கணக்கில் விட்டுப்போனவராகத் தெரிவார்.

ஆகவே முந்திரிக்கு யாராவது கட்டுவதென்றால், நிரல் எழுதும் முன் நான்கு விஷயங்களை எழுதி வைக்கச் சொல்வேன். ஒன்று, எந்த முடிவு? தேயிலைக் கொசுவும் தண்டு துளைப்பானும் ஒரே பட்டியலில் வரலாம், ஆனால் முடிவு வேறு. கொசுவில் ஒரு வருஷ விளைச்சல் போகும். துளைப்பானில் மரமே போகும், அங்கே வரம்புக் கணக்குக்காகக் காத்திருக்க முடியாது. இரண்டு, யார் முடிவு? காடு குத்தகைக்கு விட்டிருந்தால் செலவு ஒருவர் தலையில், மரத்தின் ஆயுள் இன்னொருவர் தலையில். தெளிக்கிற கூலிக்காரரின் உடம்பு யார் கணக்கில்? மூன்று, 'வேண்டாம்' என்ற பதில் தப்பினால் என்ன? நான்கு, எப்போது இந்த மென்பொருள் தேவையில்லாமல் போக வேண்டும்?

என் வாதத்தில் ஓட்டை இல்லாமலில்லை. சின்னதாகக் கொடுத்து, கூட இருந்து திருத்துகிற முறைக்கு ஆள் வேண்டும். கொத்துகளை எண்ணிக் காட்ட, பக்கத்தில் உட்கார்ந்து கேட்க ஒருவர் சில பருவம் ஊரில் இருக்க வேண்டும். விருத்தாசலத்தில் முந்திரிக்கு ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது, ஆனால் ஒவ்வொரு காட்டுக்கும் ஒரு ஆள் அனுப்ப முடியாது. செயலி மலிவு, ஆள் செலவு. ஆனால் மலிவு என்பதற்காக, வேறொரு கேள்விக்கான பதிலை வாங்கிக்கொள்ள முடியாது.

அடுத்த தை வரும், துளிரும் வரும். காட்டுக்குள் போய் நூறு கொத்து பார்த்து, அதில் எத்தனை கருகியிருக்கிறது என்று ஒரு நோட்டில் எழுதி வைத்தாலே பாதி வேலை முடிந்துவிடும். மென்பொருள் அந்த நோட்டிலிருந்து ஆரம்பிக்கட்டும்.